அடையாற்றில் வெட்டிய துணி: பரதநாட்டிய உடையின் பன்னாட்டுப் பிறப்பு

பரதநாட்டிய மேடையில் இன்று நாம் காணும் தைத்த உடையைக் கோயில் சிற்பத்திலிருந்து நேராக இறங்கி வந்ததுபோல் பேசுகிறோம். அதற்கு நூறு வயதுகூட ஆகவில்லை. அது உருவான இடம் சென்னை அடையாறு. உருவாக்கியவர்களில் ஓர் இத்தாலியத் தையற்காரப் பெண்மணியும் உண்டு.

அதற்கு முன் இசை வேளாளர் மரபில், பரதநாட்டியத்தின் முன்வடிவான சதிர் ஆடியவர்கள் கால்சட்டை அணிந்து, அதன்மேல் கனத்த சரிகைச் சேலையைச் சுற்றிக் கட்டி, ஒட்டியாணத்தால் இறுக்கிக்கொண்டார்கள். அக்காலப் புகைப்படங்களில் இதைத் தெளிவாகக் காணலாம். தையல் வேலை ரவிக்கையோடும் கால்சட்டையோடும் நின்றுவிடும். மற்றதெல்லாம் கட்டும் கையின் திறமை. அந்த மரபில் வந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதி, சேலை கட்டி ஆடும் முறையைக் கைவிடவே இல்லை.

மாற்றம் வந்த வழி சுற்றுவழி. பிரம்மஞான சபை 1882 முதல் அடையாற்றில் தலைமையகம் வைத்திருந்ததால் பல நாட்டவர் அங்கே குடியிருந்தார்கள். 1920இல் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேலை மணந்த ருக்மிணி தேவி, 1920களின் இறுதியில் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார். பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். சொந்த நாட்டுக் கலையைத் தேடும்படி அவரைத் தூண்டியவர் பாவ்லோவாவே. பின்னர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நடனம் கற்று, 1935 டிசம்பரில் சபையின் வைர விழாவில் மேடையேறினார்.

அந்த மேடைக்கான உடையை வடிவமைக்க அவருக்குக் கைகொடுத்தவர் அடையாற்றில் வாழ்ந்த அந்த இத்தாலியத் தையற்காரப் பெண்மணி மேடம் கசான். மேடை ஒளி, அமைப்பு ஆகியவற்றில் அலெக்ஸ் எல்மோர், கான்ராட் வோல்ட்ரிங் போன்றோர் துணை நின்றார்கள். தோற்றத்துக்குச் சிற்பமும், துணிக்கு நம் பட்டும், வெட்டுக்கு ஐரோப்பியத் தையல் அறிவும் கூடின. இந்த மூன்றில் வெட்டைத்தான் நம் நாட்டிய வரலாறுகள் ஒரு வரியில் கடந்துபோகின்றன. என் கணிப்பில் உண்மையான புதுமை அங்கேதான் நடந்தது.

அந்த வழியில் வளர்ந்த உடை ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். ஒரு முழுப் பட்டுச்சேலையைத் துணிந்து கத்தரிக்கிறார்கள். கரை, முன்பக்க மடிப்பான விசிறியின் ஓரத்துக்கும் கால்சட்டையின் கீழ் விளிம்புக்கும் போகிறது. முந்தானை பெரும்பாலும் விசிறிக்கோ மேலாக்குக்கோ ஆகிறது. கொசுவ மடிப்புகளை ஒருமுறை இஸ்திரி போட்டுத் தைத்து நிறுத்திவிட்டால், அரைமண்டியில் முழங்கால் விரியும்போது விசிறி தானாக விரியும், நிமிர்ந்தால் மூடிக்கொள்ளும். கட்டுவதற்கு இன்னொருவர் உதவியும் அவ்வளவாக வேண்டாம். பல பாத்திரங்கள் மாறிமாறி வரும் நாட்டிய நாடகத்துக்கு இது பெரிய வசதி; ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்ராவின் ‘குற்றாலக் குறவஞ்சி’ 1944இல் அரங்கேறியது.

வெட்டுக்கு ஈடாகத் துணியிலும் கவனம் சென்றது. 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா மறு ஆண்டே நெசவுக்கூடம் அமைத்தது. பழைய கோர்வைக் கரைகளும் ஆழ்ந்த நிறச் சேர்க்கைகளும் அங்கே மீண்டும் தறியேறின. பிறகு ‘கலாக்ஷேத்ரா சேலை’ என்பதே ஒரு வகையின் பெயராகிவிட்டது. ஐரோப்பியக் கை வெட்டுக்கு வந்ததென்றால், நூலும் தறியும் காஞ்சிபுரத்து வழியிலேயே இருந்தன. இந்தச் சீர்திருத்தம் சதிர் மரபினரின் கலையோடு அவர்களின் உடையையும் பழங்காலத்துக்குத் தள்ளியது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ‘தூய்மை’ என்ற பேரில் நடந்த மாற்றத்தில் வெளிநாட்டுத் தையல் எளிதாக ஏற்கப்பட்டதும், உள்ளூர் மரபினரின் கட்டு ஒதுக்கப்பட்டதும் முரண்தானே.

அடுத்த கட்டம் மயிலாப்பூரைச் சுற்றி நிகழ்ந்தது. இலங்கையில் நடந்த 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஈழத் தமிழர் லண்டன், பாரிஸ், டொராண்டோ எனப் பரவியபோது, அரங்கேற்றம் அவர்களிடையே குடும்ப விழாவாக வேரூன்றியது. பட்டைத் தி.நகரில் எடுத்து, நகையை மாடவீதிப் பக்கம் பார்த்து, அளவை டெய்லரிடம் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் மார்கழிக் கச்சேரிக் காலத்தோடு ஒட்டிக்கொண்டது. இப்போது அளவு வாட்ஸ்அப்பில் வருகிறது: தோள், மார்பு, இடுப்பு, இடுப்பிலிருந்து கணுக்கால் என்று வரிசையாக. வளரும் பிள்ளைக்கு என்றால் பிரித்துவிட வசதியாகத் தையலின் உள்ளே கூடுதல் துணி மடித்து வைப்பார்கள். அளவை எங்கிருந்து எங்குவரை எடுப்பது என்பதில் குழப்பம் வந்தால் பார்சல் திரும்பி வரும், செலவு யார் தலையில் என்று பேச்சு எழும். இதனால் அளவெடுக்கும் முறையை வரைந்தோ படம் பிடித்தோ முன்கூட்டியே அனுப்பிவிடுவது நல்லது என்று தொழிலில் இருப்பவர்கள் கண்டுகொண்டார்கள்.

இந்த வணிகத்தில் யாருக்கு என்ன உரிமை என்பது தனிக் கேள்வி. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெசவாளருக்குச் சட்டத்தில் ஒரு பிடி உண்டு. அந்தப் பட்டை வெட்டி விசிறியாக்கும் வடிவத்துக்கோ அப்படி ஒன்றுமில்லை. கோலாலம்பூரிலோ லண்டனிலோ ஒருவர் அதே வெட்டைப் பார்த்து வெட்டினால் மயிலாப்பூர் டெய்லர் தடுக்க முடியாது. அவரும்தான் அதைக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் கலந்துகொண்ட ஓர் அடையாற்றுக் கூட்டு வேலையிலிருந்து பெற்றவர். கூலியைக் கூட்டிக் கேட்க அவரிடம் மிஞ்சியிருப்பது, கரை வளையாமல் மடிப்பு பிடிக்கும் கைப்பழக்கமும், சொன்ன தேதிக்குள் பார்சல் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையும்தான்.