ஒத்தை பல்புக்குப் போட்ட ஒயர்

எங்க கொங்குப் பக்கம் கரண்ட் வந்தது வீட்டு வெளிச்சத்துக்காக இல்லைங்க. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. 1937-ல் மேட்டூரும் சேர்ந்துகொண்டது. அந்தக் கரண்ட் கோயம்புத்தூர் மில்லுகளை ஓட்டியது, தோட்டத்துக் கிணறுகளுக்கும் வந்தது. மாடு பூட்டிக் கவலை இறைத்த இடத்தில் மோட்டார் உட்கார்ந்தது. 1957-ல் மின்சார வாரியம் அமைந்த பிறகுதான் கம்பி ஊர் ஊராப் பரவியது.

அந்தக் காலத்து வீட்டுக்கு ரெண்டு மூணு பல்பு போதும். சுவத்துல மரப்பட்டி அடிச்சு, அதுமேல கிளிப் போட்டு மெல்லிசு ஒயரை ஓட்டுவாங்க. வாசல்ல பீங்கான் பீஸ் கட்டை. குடிசைன்னா ஒத்தை பல்புதான். 1988-89-ல் மத்திய அரசின் குடீர் ஜோதித் திட்டம் வந்தது, அதுவும் ஏழை வீட்டுக்கு ஒரு விளக்கு என்ற கணக்குதான். 40 வாட் பல்பு இழுக்கிற கரண்ட் கால் ஆம்பியர்கூட இல்லை.

அப்புறம் சாமான்கள் வரிசையா வந்தது. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கலர் டிவி கொடுத்தது. 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், ஃபேன். பிள்ளைகள் வேலைக்குப் போனதும் ஃப்ரிட்ஜும் ஹீட்டரும் வந்தது. வீட்டுக்குள்ள எல்லாம் மாறிச்சு, பல வீட்டுல ஒயர் மட்டும் மாறலை.

2,000 வாட் ஹீட்டர் 40 வாட் பல்பைப் போல 50 மடங்கு கரண்ட் இழுக்கும். ஆனா ஒயரில் ஏறுகிற சூடு 50 மடங்கோட நிக்காது. கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. அப்படிப் பார்த்தா 50 மடங்குக்கு 2,500 மடங்கு!

இதைத் தடுக்கத்தான் பீஸ் கட்டை. லோடு மீறினா உள்ளே இருக்கிற மெல்லிசு கம்பி உருகி, கரண்டை நிறுத்தி, வீட்டைக் காப்பாத்தும். நம்மாளுங்க "சும்மா சும்மா பீஸ் போகுது"ன்னு ஒயரில் இருந்து நாலஞ்சு செம்பு இழையைப் பிரிச்சு முறுக்கிக் கட்டிடுவாங்க. அப்புறம் பீஸ் போகாது, அதுக்குப் பதிலா ஒயர் வேகும். மேலே தென்னங்கீத்து இருந்தா, ஒரு பொறி விழுந்தாலே போதும்.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு ஹீட்டர் வாங்கி அனுப்புறீங்க, நல்ல மனசு. அதை மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு நல்ல ஒயர்மேனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. ஹீட்டருக்கு மெயின் போர்டில் இருந்து தனி ஒயர் இழுக்கணும். பீஸ் கட்டையை எடுத்துட்டு ஒயருக்கு ஏத்த எம்.சி.பி. போடணும். கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்துற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேணும். எம்.சி.பி. ஒயரைக் காக்கும், இது ஆளைக் காக்கும். எர்த் கம்பி அறுந்திருக்கான்னு பாருங்க. பல வீட்டில் குழி இருக்கும், கம்பி இருக்காது.

போர்டில் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாதுன்னு பெரியவங்ககிட்ட சொல்லிவைங்க. கை எட்டினா மெயினை அணைச்சுட்டு, காய்ஞ்ச மண்ணை அள்ளி வீசணும். தீ பெருசானா வெளியே வந்துட்டு 112-க்கு அடிக்கணும்.

கரண்ட் வந்து மூணு தலைமுறை ஆச்சு. தாத்தா காலத்து ஒயர் பேரன் வாங்கின ஹீட்டரைத் தாங்காதுங்க.