சாம்பலும் இலந்தை இலையும்

எமது பழைய வீடுகளில் இருந்த சஹன், படிக்கம், பித்தளைச் செம்பு ஆகியவற்றைப் பற்றி ஓரளவு எழுதியிருக்கிறோம். அவற்றை அன்றாடம் எதனால் துலக்கினார்கள் என்று எழுதியது குறைவு. துலக்கியவர்கள் பெண்கள், துலக்கிய பொருள் சாம்பல். எழுதாமல் விட்டதற்கு இந்த இரண்டும்தான் காரணமாக இருக்கலாம்.

என் மூத்தம்மாவின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு சிரட்டைகள் இருக்கும். ஒன்றில் உமிச் சாம்பல், மற்றதில் தென்னம் பாளையும் பொச்சு மட்டையும் எரித்த சாம்பல். “ரெண்டையும் கலந்து போடாத புள்ள, அது வேற வேல, இது வேற வேல” என்பார். கிழவியின் பிடிவாதம் என்றுதான் அப்போது நினைத்தேன். உமிச் சாம்பலில் சிலிக்கா மிகுதி. மணலைப் போல உராய்ந்து, சட்டியின் அடியில் பிடித்த கரியை எடுக்கும். தென்னஞ் சாம்பலில் இருப்பது பொற்றாசியம் காபனேற்று. நீர் பட்டால் காரத் தன்மை காட்டும். கந்தூரி முடிந்து, இறைச்சிக் கொழுப்பு உறைந்துபோன சஹன்களில் மூத்தம்மா இந்தச் சாம்பலைத் தூவி, சுடுதண்ணீர் ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிடுவார். கொழுப்பின் ஒரு பகுதி காரத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகி, மிச்சக் கொழுப்பையும் கழற்றிக்கொண்டு போய்விடும். பிறகு தும்பால் ஒரு தேய், அவ்வளவுதான்.

பித்தளைக்கு இது சரிவராது. அதில் படிவது கொழுப்பல்ல, உலோகத்தின் ஒட்சைட்டு. அதற்குப் புளிப்பு வேண்டும். பழப்புளிக் கோதோ, பிழிந்த தேசிக்காய்த் தோலோ உப்போடு சேர்த்துத் தேய்த்து உடனே கழுவுவார்கள். காயவிட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும். கொழுப்புக்குக் காரம், களிம்புக்கு அமிலம்: நான் பத்தாம் ஆண்டில் மனனம் செய்த பாடத்தை மூத்தம்மா பள்ளிக்கூடம் போகாமலே பிரித்து வைத்திருந்தார்.

நாம் சொல்லும் ‘சவர்க்காரம்’ என்ற சொல்லைப் பாருங்கள். தமிழ்நாட்டார் சோப்பு என்கிறார்கள். சிங்களவரின் ‘சபன்’ போர்த்துக்கேயர் வழி வந்தது. அரபியில் ‘ஸாபூன்’. நமது சொல்லில் மட்டும் காரம் வெளிப்படையாக நிற்கிறது. அந்தக் காரத்தைத் தேடிய வரலாறு தமிழிலும் பழையது. புறநானூற்றின் 311ஆம் பாடலில், உவர்ப்பு ஏறிய களர் நிலத்தில் கிணறு தோண்டி அந்த நீரில் துணி வெளுக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். பாட்டு அவளைப் பற்றியதல்ல, அந்த வெள்ளைத் துணியை உடுத்த வீரனைப் பற்றியது. ஆனாலும் பயிருக்கு உதவாத நிலத்தை அவள் ஏன் தேர்ந்தாள் என்று கேட்டால், அந்த மண்ணின் காரம் அழுக்கை எடுக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதே என் விடை. பிற்காலத்து வண்ணாரின் உவர்மண்ணும் அதே அறிவுதான்.

அரபுலகிலும் கதை சாம்பலில்தான் தொடங்குகிறது. ‘அல்-கலீ’ என்றால் உவர்ச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பல். ஐரோப்பியர் காரத்துக்கு வைத்த ‘அல்கலி’ என்ற பெயர் அதுவே. 1807இல் ஹம்ப்ரி டேவி பொற்றாசியத்தைப் பிரித்தெடுத்தார். அந்த மூலகத்துக்குப் பாடநூலில் ‘கே’ என்று குறியீடு போடுகிறோமே, அது ‘கலியம்’ என்பதன் முதலெழுத்து. அதன் வேரும் அந்த அரபுச் சொல்தான். பலஸ்தீனின் நாப்லுஸ் நகரத்தார் ஒலிவ் எண்ணெயையும் யோர்தான் நதிக்குக் கிழக்கிலிருந்து வந்த செடிச் சாம்பலையும் கொண்டு சவர்க்காரம் காய்ச்சினார்கள். அந்தக் கைத்தொழிலை 2024இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

சாம்பல் கையை அரிக்கும். மென்மையான வேலைக்கு இலை இருந்தது. துணியில் பட்ட மாதவிடாய்க் கறையைப் பற்றி உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) கேட்டபோது, குச்சியால் சுரண்டி, தண்ணீரும் இலந்தையும் கொண்டு கழுவும்படி நபிகளார் (ஸல்) சொன்னதாக ஹதீஸ் உண்டு. மரணித்த தம் மகளைக் குளிப்பாட்டவும் தண்ணீரும் இலந்தையும், கடைசியில் கற்பூரமும் என்றார்கள். இலந்தை இலையில் நுரைக்கும் சப்போனின் இருக்கிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பதும் அந்த வகைதான். ஆக, இலந்தை அன்றைய அரபு வீட்டின் சாதாரணச் சவர்க்காரம். எங்கள் ஊரில் அந்த இலையை இப்போது மையித்து வீட்டுக்கு மட்டுமே தேடுகிறார்கள். மற்ற நாளில் பறித்தால், “யாரு மவுத்து?” என்று கேட்பார்கள்.

லீவர் பிரதர்ஸ் 1938இல் கொழும்பில் சவர்க்காரம் செய்யத் தொடங்கியது. ஆனால் சிரட்டையைக் காலியாக்கியது அதுவல்ல என்பது என் எண்ணம். கடைச் சவர்க்காரம் வந்த பிறகும் சாம்பல் நெடுங்காலம் அருகிலேயே இருந்தது. காஸ் அடுப்பு வந்தபோதுதான் சாம்பலே இல்லாமல் போயிற்று.

2022இல் காஸ் கிடைக்காதபோது எங்கள் பின்வளவிலும் விறகடுப்பு மூட்டினோம். சவர்க்காரத் தூளின் விலையும் ஏறிக்கொண்டே போனது. சாம்பலால் துலக்குவோம் என்று ஒரு கிண்ணம் அள்ளினேன். உம்மா தடுத்துவிட்டார். அடுப்பைப் பற்றவைக்கப் பால்மாப் பைக்கற்றும் சொப்பிங் பேக்கும் போட்டிருந்தோம். “இது சாம்பலில்ல மகள், குப்பை. திங்கிற பாத்திரத்துல போடாத” என்றார். இயற்கை என்ற பெயருக்காக எதையும் கையில் எடுத்துவிட முடியாது. தேசிக்காய்ச் சாற்றையும் வினாகிரியையும் வெளிற்றும் தூளோடு சேர்த்தால் குளோரீன் வாயு கிளம்பும். அதைச் சுவாசிப்பது ஆபத்து.

அடுத்த நாள் உம்மா தனியாக ஒரு அடுப்பு மூட்டினார். பாளையும் பொச்சு மட்டையும் மட்டும். ஆறிய பிறகு துணியில் அரித்து ஒரு சிரட்டையில் எடுத்தார். மற்றச் சிரட்டைக்கு உமி தேடி அரிசி ஆலைக்கு என் மகனை அனுப்பினார்.