பல்தேர்வு வினாக்களுக்குப் படிமுறையில் விடை காணல்

பல்தேர்வு வினாக்களுக்குப் படிமுறையில் விடை காணல் என்பது அறிவியல், மருத்துவத் தேர்வுகளில் கொடுக்கப்படும் நான்கு விடைகளுள் சரியானதை நினைவை மட்டும் நம்பாமல் காரணங்காட்டித் தெரிந்தெடுக்கும் முறையாகும். வினாவைப் புரிந்துகொள்ளல், தரவுகளைப் பிரித்தெடுத்தல், தெரிவுகளைப் பார்க்குமுன் தானே ஒரு விடையை ஊகித்தல், பொருந்தாதவற்றை நீக்கல், இறுதியில் சரிபார்த்தல் என்பன இதன் படிகளாகும். தமிழ்நாட்டில் 2017 ஆம் ஆண்டு முதல் மருத்துவப் படிப்புச் சேர்க்கை நீட் தேர்வின் வழியாக நடைபெறுவதால் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இம்முறை இன்றியமையாததாகிவிட்டது.

பின்னணி

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் விடை அறிந்தவர் பிறரது அறிவைச் சோதிக்கக் கேட்பது அறிவினா எனப்படும். தேர்வு வினாக்கள் யாவும் இவ்வகையினவே. கேட்பவர் விடையை அறிந்திருப்பதோடு, மாணவர் எங்கே தவறுவார் என்பதையும் அறிந்தே ஏனைய மூன்று தெரிவுகளை அமைக்கிறார். இதனை உணர்வதே முறையின் அடிப்படை எனலாம்.

கணிதவியலாளர் ஜார்ஜ் போலியா 1945 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் கணக்கைப் புரிந்துகொள்ளல், திட்டமிடல், செய்து முடித்தல், திரும்பிப் பார்த்தல் என நான்கு நிலைகளைக் கூறினார். நான்காவது நிலையே மாணவர்களால் பெரிதும் கைவிடப்படுவது.

தமிழ்நாட்டில் 1984 ஆம் ஆண்டு முதல் தொழிற்கல்விக்குப் பொது நுழைவுத் தேர்வு நடத்தப்பட்டது. 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அது நீக்கப்பட்டபின், நீட் வரும்வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாக இருந்தது. விரிவாக எழுதிப் பழகிய மாணவர்கள் திடீரெனத் தெரிவுகளுள் தேட வேண்டிய நிலை இவ்வாறு ஏற்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 ஆம் ஆண்டு முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்படுகிறது. எனினும் அதற்கும் நீட்டில் தகுதி பெற்றாக வேண்டும்.

இயற்பியல் எடுத்துக்காட்டு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்து ஒன்று மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் தடை போடப்பட்டு, சீராக வேகம் குறைந்து 20 மீட்டர் தொலைவில் நிற்கிறது எனக் கொள்வோம். வேகத் தேய்வு என்ன? முதலில் அலகை மாற்ற வேண்டும்: மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். வேகத்தின் வர்க்கமாகிய 100 ஐத் தொலைவின் இருமடங்காகிய 40 ஆல் வகுக்க 2.5 கிடைக்கும். அலகை மாற்றாதவருக்கு 1296 ஐ 40 ஆல் வகுத்து 32.4 கிடைக்கும். அந்த எண்ணும் தெரிவுகளுள் இருக்கும் என எதிர்பார்க்கலாம். ஆனால் அது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். எந்தப் பேருந்தும் அவ்வாறு நிற்காது. திரும்பிப் பார்க்கும் நிலை காப்பாற்றுவது இத்தகைய இடங்களில்தான்.

உயிரியல் எடுத்துக்காட்டு

தாயின் குருதி வகை ஓ, தந்தையின் வகை ஏபி. பிள்ளைக்கு இருக்க இயலாத வகைகள் எவை? தாய் ஓ மரபணுவை மட்டுமே தர முடியும். தந்தை ஏ அல்லது பி ஒன்றைத் தருவார். ஆகவே பிள்ளை ஏ அல்லது பி ஆகவே இருக்கும். ஏபி, ஓ என்பதே விடை. "ஏ, பி" என்பதைக் குறிப்பவர் மரபியலை அறியாதவர் அல்லர். "இயலாத" என்ற சொல்லைத் தவறவிட்டவர். எதிர்மறைச் சொல்லை அடிக்கோடிடுதல் முதற் படியில் அடங்கும். (மிக அரிதான விதிவிலக்குகள் உண்டு. பாடநூல் வினாக்கள் அவற்றைக் கருதுவதில்லை.)

மருத்துவ வினாக்கள்

மருத்துவக் கல்லூரியிலும் முதுநிலை நுழைவுத் தேர்விலும் நோயாளியின் நிலையை விவரித்து நோயைக் கேட்பர். வயலில் வேலை செய்யும் ஒருவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண் சிவப்பு, சில நாட்களில் மஞ்சள் நிறம், சிறுநீர்க் குறைவு. தெரிவுகள்: டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல், வைரசு கல்லீரல் அழற்சி. காய்ச்சல் நான்கிலும் வரக்கூடியதாதலால் அதனால் பயனில்லை. பிரித்துக் காட்டும் குறிகளையே தேட வேண்டும். டெங்குவில் உடல்வலியும் கண் சிவப்பும் உண்டெனினும் மஞ்சள் நிறம் வழக்கமன்று. மலேரியாவில் மஞ்சள் வரலாம், கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சிறப்புக் குறிகள் அல்ல. வைரசு கல்லீரல் அழற்சியில் மஞ்சள் தோன்றும்போது பெரும்பாலும் காய்ச்சல் தணிந்துவிடும். ஈர நிலத் தொழிலும் சேர்ந்து எலிக்காய்ச்சலைச் சுட்டுகின்றன. சிதம்பரத்தில் 1985 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி (பின்னர் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி) போன்ற இடங்களில் நோயாளியின் படுக்கையருகே கற்பிக்கப்படுவதும் இதே ஒப்பீடுதான். ஆயினும் அங்கே தெரிவுகள் எழுதிக் கொடுக்கப்படுவதில்லை.

ஊகித்தலும் மதிப்பெண்ணும்

2025 ஆம் ஆண்டு நீட் தேர்வில் 180 நிமிடங்களில் 180 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண் கூடும், தவறுக்கு 1 குறையும். எதுவும் தெரியாமல் குறித்தால் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண். இரண்டு தெரிவுகளைக் காரணத்தோடு நீக்கியபின் குறித்தால் அது ஒன்றரை மதிப்பெண்ணாகிறது. முழு விடை தெரியாவிடினும் பாதி அறிவுக்குப் பயன் உண்டு என்பது இதனால் விளங்கும். வினா ஒன்றுக்குச் சராசரியாக ஒரு நிமிடமே இருப்பதால் எல்லாப் படிகளையும் எல்லா வினாக்களுக்கும் பின்பற்ற இயலாது. உடனே விடை தெரிபவற்றை முதலில் முடித்து, எஞ்சும் நேரத்தை ஐயமானவற்றுக்கு ஒதுக்குவர்.

வினாவே பிழையாக இருப்பின்

மேற்கண்ட படிகள் அனைத்தும் வினா சரியானது என்ற நம்பிக்கையில் அமைந்தவை. 2018 ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. ஏறத்தாழ 24,000 பேர் அத்தேர்வைத் தமிழில் எழுதியிருந்தனர். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2018 சூலை 10 அன்று வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அம்மாதமே இடைக்காலத் தடை விதித்து, நவம்பரில் அவ்வாணையை நீக்கியது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது தேர்வு விதி. எனவே தமிழில் எழுதுவோர், ஒரு சொல் விளங்காதபோது தம் அறிவை ஐயுறுமுன், அதே தாளில் அச்சிடப்பட்டுள்ள ஆங்கில வரியை ஒப்பிட்டுப் பார்ப்பது முதற் படியின் ஒரு பகுதியாகிறது. ஆங்கிலக் கலைச்சொற்களைக் கேட்டிராத சிற்றூர் மாணவருக்கு இது எளிதன்று. இரு மொழிக் கலைச்சொற்களையும் இணைத்துப் படித்தவருக்கே அது கைகொடுக்கும்.