செகண்ட் ஹேண்ட் பிஎம்டபிள்யூ-வை தினமும் ஓட்டலாமா? நெல்லையில் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது எதை?

ஆன்ரோடு விலையில் அரைக் கோடியைத் தொட்ட ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான், ஐந்தாறு வருடம் ஓடிய பிறகு ஒரு புது இன்னோவா விலைக்குக் கைமாறுகிறது. பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், ஆடி ஏ4, மெர்சிடிஸ் சி கிளாஸ் என எதை எடுத்தாலும் இதே கதைதான். பாளையங்கோட்டையில் வீடு, வள்ளியூரிலோ கங்கைகொண்டானிலோ வேலை, நடுவே நான்குவழிச் சாலை என்று இருப்பவருக்கு இந்த விலையைப் பார்த்ததும் ஆசை வருவது இயல்பு.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. வாங்கும்போதுதான் அது பழைய கார். ரிப்பேருக்கு விடும்போது அது அரைக் கோடி ரூபாய் காரேதான். காரின் விலை வருடா வருடம் இறங்கும். அதன் ஹெட்லைட், சென்சார், கியர்பாக்ஸ் விலை இறங்காது.

ஏன் விலை இப்படி இறங்குகிறது?

முதல் காரணம், வாரண்டி முடிந்ததும் முதல் உரிமையாளர் கழன்றுகொள்வது. செலவு அதிகரிக்கும் காலம் எது என்பது அவருக்குத் தெரியும். இரண்டாவது, புது காரின் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய செடான்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் 28 சதவீத ஜிஎஸ்டியும் 20 சதவீத செஸ்ஸும் சேர்த்து 48 சதவீதம். புது கார் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் கூடவே இறங்க வேண்டும். வரிக்குறைப்புக்கு முந்தைய விலையை மனதில் வைத்துப் பேரம் பேசும் விற்பனையாளரிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

'சென்னையில் செய்த வண்டிதானே, ஸ்பேர் மலிவாகக் கிடைக்காதா?' என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. மஹிந்திரா சிட்டி அருகே பிஎம்டபிள்யூ ஆலை 2007-ல் உற்பத்தியைத் தொடங்கியது உண்மை. உள்நாட்டுப் பாகங்களின் பங்கை 50 சதவீதம் வரை உயர்த்துவதாக 2015-ல் அந்நிறுவனம் அறிவித்ததும் உண்மை. ஆனால் ஏழெட்டு வருடம் கழித்து பழுதாகும் பாகம் பெரும்பாலும் மிச்ச 50 சதவீதத்தில்தான் இருக்கும்.

முதல் கேள்வி: தண்ணீர் பட்ட வண்டியா?

மற்ற ஊர்க்காரர்கள் கிலோமீட்டரைப் பார்ப்பார்கள். தாமிரபரணிக் கரையில் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பேய்மழையை நெல்லை மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஆறு கரைபுரண்டு ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பகுதிகளுக்குள் புகுந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்தது. இரண்டு வெள்ளத்திலும் நனைந்த கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, காயவைத்து, சீட் கவர் மாற்றி மீண்டும் சந்தைக்கு வந்தவையும் உண்டு.

தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் ஏர் இன்டேக் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இது உடனே தெரிந்துவிடும் சேதம். ஜெர்மன் காரில் இதைவிட மோசமானது மெதுவாக வெளிப்படும் சேதம். இந்தக் கார்களில் கதவு, சீட், லைட் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எலக்ட்ரானிக் மாட்யூல்கள் உண்டு. அவற்றில் பல, தரை மட்டத்திலும் டிக்கிக்கு அடியிலும் இருக்கின்றன. 3 சீரிஸில் பேட்டரியே டிக்கிக்குள்தான். ஈரம் பட்ட கனெக்டர் அன்றைக்கு வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து பச்சை பூத்து ஒவ்வொன்றாக மக்கர் பண்ணத் தொடங்கும். எந்த ஒயர், எந்த மாட்யூல் என்று கண்டுபிடிக்கும் கூலியே தனிச் செலவு.

கண்டுபிடிப்பது எப்படி? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் மண் கறை கோடாகத் தெரிந்தால், அந்த உயரம் வரை தண்ணீர் நின்றிருக்கலாம். சீட்டின் ரெயில் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, மிதியடிக்குக் கீழே கார்பெட்டைத் தூக்கினால் அடியில் உள்ள ஃபோம் பிசுபிசுக்கிறதா, டிக்கியின் பேட்டரிப் பள்ளத்தில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து வருடப் பழைய வண்டியில் கார்பெட் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் சந்தேகப்படலாம். கார் முழுக்க வாசனை ஸ்ப்ரே மணந்தால் இன்னும் சந்தேகப்படலாம்.

அடுத்து, சர்வீஸ் பில்கள். 2023 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரையிலான பில்களை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அந்த நான்கு மாத பில் மட்டும் காணோம் என்றால் காரணத்தை விற்பவர்தான் சொல்ல வேண்டும். பழைய பாலிசி எண்ணை வாங்கி, இன்சூரன்ஸ் நிறுவனத்தில் கிளைம் வரலாறு கேட்பதும் நல்லது. 'ஒரே ஓனர், டாக்டர் வச்சிருந்த வண்டி அண்ணாச்சி' என்பது புரோக்கரின் வாய்ச்சொல், பில் அல்ல.

டீசலா, பெட்ரோலா? ரூட்டைச் சொல்லுங்கள்

பிஎஸ்6 டீசல் காரில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கும். சேர்ந்த கரியை அது அவ்வப்போது எரித்துக்கொள்ளும். அதற்கு என்ஜின் நன்றாகச் சூடேறி, சீரான வேகத்தில் சில நிமிடங்களாவது ஓட வேண்டும். டவுனில் இருந்து ஈரடுக்கு மேம்பாலம் ஏறி பாளை வரை போய்த் திரும்புவதே தினசரி ஓட்டம் என்றால் அது நடக்காது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர் பெட்ரோல் வாங்குவதே புத்திசாலித்தனம். தினமும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் நாங்குநேரி, வள்ளியூர் போய் வருகிறவருக்கு டீசல் பொருந்தும்.

டீசலில் இன்னொரு கணக்கும் உண்டு. இந்தியாவில் 2012-ல் வந்த எஃப்30 தலைமுறை 320டி-யில் இருந்தது என்47 என்ஜின். இதன் டைமிங் செயின் என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. முன்பக்கம் இருந்தால் கையெட்டும் வேலை. பின்பக்கம் என்பதால் கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்காமல் மாற்ற முடியாது. செயின் அறுந்தால் பல நேரங்களில் என்ஜினும் போய்விடும். காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கத்தில் இருந்து உரசல் சத்தம் வந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். 2016-ஐ ஒட்டி வந்த பி47 என்ஜினிலும் செயின் பின்பக்கம்தான் என்றாலும் புகார்கள் குறைவு.

இஜிஆர் கூலரில் கசிவு ஏற்பட்டுத் தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதாக, 2018-ல் உலக அளவில் சுமார் 16 லட்சம் டீசல் கார்களை பிஎம்டபிள்யூ திரும்ப அழைத்தது. வாங்கப்போகும் காரின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, நிலுவையில் உள்ள ரீகால் வேலை ஏதும் உண்டா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்கலாம்.

பெட்ரோலில் 330ஐ-யின் பி48 என்ஜின் நல்ல பெயர் எடுத்தது. அதில் பெரும்பாலும் தொல்லை தருவது கூலன்ட் ஓடும் பிளாஸ்டிக் பாகங்களும் ஆயில் கசியும் கேஸ்கெட்டுகளும்தான். நெல்லை வெயிலில் கூலன்ட் கசிவை 'அடுத்த மாதம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடவே கூடாது. பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-க்கு முந்தைய கார் என்றால் இ20-க்கு ஏற்றதா என்பதை மேனுவலிலும் ஃபியூயல் மூடியின் உள்பக்கத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

2021 மார்ச்சில் 62.90 லட்சத்துக்கு அறிமுகமான எம்340ஐ-யும் இப்போது பழைய கார் சந்தைக்கு வருகிறது. 387 குதிரைத்திறன், 4.4 விநாடியில் 100 கி.மீ. வேகம். ஆசைப்படலாம், தப்பில்லை. ஆனால் அப்படிப்பட்ட வண்டியை முந்தைய உரிமையாளர் எப்படி ஓட்டியிருப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப் முதலில், கார் பிறகு

நெல்லையில் இருந்து மதுரை சுமார் 160 கி.மீ. திருவனந்தபுரம் கிட்டத்தட்ட அதே தூரம். இந்த கார்களுக்கான கம்ப்யூட்டர் ஸ்கேனரும் பழக்கமும் உள்ள ஒரு மெக்கானிக்கை முதலில் பிடித்துவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு போய் காரைப் பாருங்கள். கிலோமீட்டர் மீட்டரைத் திருத்துகிறவர்கள் டேஷ்போர்டில் தெரியும் எண்ணைத்தான் மாற்றுவார்கள். சாவி உள்ளிட்ட வேறு இடங்களிலும் ஓட்டம் பதிவாகியிருக்கும். ஸ்கேனரில் இரண்டையும் ஒப்பிடலாம்.

கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். 3 சீரிஸில் உள்ள எட்டு கியர் பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. லட்சம் கி.மீ. ஓடிய வண்டியில் அந்த பில் இல்லை என்றால் அந்தச் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

கையில் 20 லட்சம் இருந்தால் 17 லட்சத்துக்குள் காரை முடித்துவிட்டு, 3 லட்சத்தை முதல் வருட வேலைகளுக்குத் தொடாமல் வைப்பதே பாதுகாப்பான கணக்கு. மொத்தத்தையும் காருக்கே கொட்டிவிட்டு, வண்டியை ஷெட்டில் போட்டு வைத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

வயலை ஒட்டிய வீடு என்றால் எலியையும் மறக்காதீர்கள். அறுவடை முடிந்ததும் அது தேடி வரும் இடம் சூடான பானெட்தான்.

வேகத்தடையும் டயரும்

3 சீரிஸின் அடிப்பகுதிக்கும் சாலைக்கும் இடையே சுமார் 140 மி.மீ.தான் இடைவெளி. இந்தியச் சாலை காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பிரச்சினை இல்லை. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் ஊருக்குள் போகிறவர்களுக்கு விதிப்படி போடாத தடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாய்வாக, நிதானமாக ஏறி இறங்கப் பழக வேண்டும். வாங்கும்போது லிஃப்ட்டில் ஏற்றி அடித்தட்டைப் பார்ப்பதும் அவசியம்.

பல பிஎம்டபிள்யூ-க்களில் ஸ்டெப்னி கிடையாது. காற்று போனாலும் சுமார் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் போகக்கூடிய ரன்-ஃப்ளாட் டயர்கள்தான். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பழைய டயர் என்றால் நான்கையும் மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம்.

வெளி மாநில வண்டி லாபமா?

டெல்லியில் 10 வருடம் கடந்த டீசல் கார்கள் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எட்டு, ஒன்பது வயது டெல்லி டீசல் கார்கள் மலிவாகத் தெற்கே வர இது ஒரு காரணம். செங்கோட்டை தாண்டினால் கேரள எண் வண்டிகளும் ஏராளம்.

ஆனால் வேறு மாநில எண்ணுடன் 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். என்ஓசி வாங்கி வந்து, தமிழ்நாட்டின் வாழ்நாள் வரியையும் கட்ட வேண்டும். 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு இந்த வரி 20 சதவீதம். வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறையும் என்றாலும் சிறிய தொகையாக இருக்காது. டிஎன் 72 (நெல்லை), டிஎன் 76 (தென்காசி), டிஎன் 69 (தூத்துக்குடி) எண் வண்டிகளில் இந்தத் தலைவலி இல்லை. வெள்ளம் பாய்ந்த மாவட்டங்களும் அவற்றில் இருக்கின்றன என்பதுதான் விஷயம்.

மாநிலத்துக்குள் கைமாறும் வண்டிக்குப் படிவம் 29, 30. கடன் இருந்திருந்தால் வங்கியின் கையெழுத்துடன் படிவம் 35. நிலுவை அபராதம், கடன், இன்சூரன்ஸ் விவரங்களை எம்-பரிவாஹன் செயலியிலேயே பார்க்கலாம்.

1,500 சிசி-க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் ஆண்டுக்கு 7,897 ரூபாய் (2022-ல் அறிவிக்கப்பட்ட கட்டணம்), வரி தனி. சொந்தச் சேதத்துக்கான பாலிசியைப் பெயர் மாற்ற, வாங்கிய 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண முழுக் காப்பீட்டில், என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து வரும் சேதம் பெரும்பாலும் அடங்காது. அதற்கு 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பை எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும் என்பதால், பாலிசி போடும் அன்றே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.