பனியன் கழுத்தில் இருக்கிற லேபிள்

போன வாரம் தோட்டத்துக்குப் போட்டுட்டுப் போன பனியனைத் துவைக்கும்போதுதான் கழுத்துல தைத்திருந்த லேபிளைப் படிச்சேன். ஏற்றுமதியில் மீந்த சரக்கு, திருப்பூர்ல வாங்கினது. 60 சதம் காட்டன், 40 சதம் பாலியஸ்டர், மேட் இன் இந்தியா. இந்த லேபிளுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்குங்க. அமெரிக்காவில் ஆரம்பிச்சு நொய்யல் ஆத்துல வந்து முடியுது.

பாலியஸ்டர் நூல் 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்தது. போர் முடிஞ்சதும் அது இங்கிலாந்தில் டெரிலீன், அமெரிக்காவில் டேக்ரான் என்ற பேர்களில் கடைக்கு வந்தது. ரெண்டும் ஒரே சரக்குதான், ஆனா வாங்குறவங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால அமெரிக்கா 1958-ல் சட்டம் போட்டு, 1960 மார்ச்சில் அமலுக்குக் கொண்டுவந்தது. எந்த நூல், எத்தனை சதம் என்று பொதுப்பேரில் எழுதணும். இறக்குமதித் துணியா இருந்தா எந்த நாடுன்னும் போடணும்.

அடுத்தது கோட்டா. 1960-களில் பணக்கார நாடுகள் பருத்தித் துணி இறக்குமதிக்கு அளவு வச்சாங்க. விக்கிற நாடுகள் சும்மா இருக்குமா? செயற்கை நூல் துணிக்கு மாறிட்டாங்க. அந்த ஓட்டையை அடைக்க 1974-ல் பருத்தி, கம்பளி, செயற்கை நூல் மூணையும் ஒண்ணாச் சேர்த்துக் கட்டினாங்க. அதுதான் மல்டி ஃபைபர் ஒப்பந்தம். 2004 கடைசி வரைக்கும் இந்தக் கோட்டா முறை இருந்தது.

மூணாவது சாயம். சில அசோ சாயங்களிலிருந்து புற்றுநோய் உண்டாக்குற அமீன்கள் பிரியும். பருத்தியோ பாலியஸ்டரோ, உடம்பில் படுற துணியில் அந்தச் சாயம் கூடாதுன்னு 1994-ல் ஜெர்மனி சட்டம் போட்டது. 1997-ல் இந்தியாவும் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அமல். கிலோவுக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை. இங்கே சாயப்பட்டறைகள் சாயத்தை மாத்தினாங்க, லேப் சர்டிபிகேட் வாங்கினாங்க, சரக்கு கப்பல் ஏறிச்சு.

நல்ல சட்டம்தான், குறை சொல்லலை. ஆனா திருப்பூரில் ஓடுறது பெரும்பாலும் பருத்தி. பருத்தியில் சாயம் பிடிக்க உப்புக் கொட்டணும். அந்த உப்பு துணியில் தங்காது, அலசுற தண்ணியோடு வெளியே போயிரும். எந்தத் துறைமுகத்தில் சோதிச்சாலும் துணி சுத்தமாத்தான் இருக்கும். உப்பெல்லாம் நொய்யலுக்கு வந்திருச்சே!

பாசனத்துக்குன்னு 1992-ல் கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாச்சு. கீழே இருக்கிற எங்க கிணறுகளில் தண்ணி உப்பாகி, தென்னை காஞ்சது. ஆடு மாடு வாய் வைக்காது. விவசாயிகள் கோர்ட்டுக்கு நடையா நடந்தாங்க. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செஞ்சாத்தான் திறக்கலாம்னு ஆச்சு.

வெளிநாட்டுச் சட்டங்கள் எல்லாம் துணியைப் பார்த்தது. ஆத்தைப் பார்க்க வச்சது எங்க ஆளுங்க போட்ட வழக்கு.

பனியன் கம்பெனி வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். எங்க ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அங்கேதான் சம்பளம், என் மகனுக்கும் சேர்த்து. கிணத்துத் தண்ணியை மட்டும் இன்னைக்கும் வாயில் வைக்க முடியலைங்க.