ஹெல்மெட்டைக் கொண்டுவந்தது போலீஸ் இல்லை, டாக்டர்கள்: ஒரு இழை

1/ ஹெல்மெட் போடுங்க என்றால், "அந்த ரூட்ல போலீஸ் நிக்க மாட்டாங்க டாக்டர்" என்று சிரிப்பவர்கள் நிறைய. ஆனால் ஹெல்மெட் போலீஸ் கொண்டுவந்தது இல்லைங்க. பைக் ரேஸில் அடிபட்டவர்களைப் பார்த்த டாக்டரிடம் தொடங்கிய கதை இது.

2/ இங்கிலாந்தின் ப்ரூக்லேண்ட்ஸ் ரேஸ் தடத்தில் மருத்துவ அதிகாரியாக இருந்தவர் எரிக் கார்ட்னர். தலையில் அடிபட்டு வரும் ரேஸர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். கால் உடைந்தால் கட்டுப் போடலாம். மூளைக்கு? சிடி ஸ்கேன் என்ற ஒன்றே இல்லாத காலம் அது.

3/ லண்டன் பெத்னல் கிரீனில் மாஸ் என்பவரிடம் சொல்லி, கான்வாஸ் துணியும் அரக்கும் வைத்து ஒரு தொப்பி செய்ய வைக்கிறார். பலமான அடியைத் தாங்கணும். எதிலாவது மோதினால் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிட்டுப் போகணும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

4/ ரேஸ் அமைப்பு முதலில் வேண்டாம் என்றது. பிறகு ஒத்துக்கொண்டு, 1914 ஐல் ஆஃப் மேன் டிடி போட்டியில் கட்டாயமாக்கியது. வீரர்களுக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாக வரும் 'சுவாரஸ்யமான' மூளை அதிர்ச்சி கேஸ்கள் இந்த முறை வரவில்லை என்று அங்கிருந்த மருத்துவ அதிகாரி கார்ட்னருக்குத் தெரிவித்தார்!

5/ ஆனால் ஹெல்மெட் ரேஸோடு நின்றுவிட்டது. ரோட்டுக்கு வரவில்லை. 1935 மே 13. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்திருப்பீர்கள். அந்த நிஜ லாரன்ஸ், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மீது மோதாமல் இருக்கத் தன் ப்ரஃப் சுப்பீரியர் பைக்கைத் திருப்பி விழுந்தார். ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். வயது 46.

6/ அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். அதன் பிறகு பைக் விபத்துகளில் தலைக்காயம் பற்றிக் கணக்கெடுக்கத் தொடங்கினார்.

7/ 1941இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். போருக்கு முந்தைய 21 மாதங்களில் பிரிட்டனில் பைக் விபத்தில் இறந்தவர்கள் 1,884. போரின் முதல் 21 மாதங்களில் 2,279. ஹெல்மெட் போட்டு விழுந்தவர்கள் அவரிடம் இருந்தது வெறும் 7 பேர். ஏழு பேரும் பிழைத்தார்கள்.

8/ அதே ஆண்டு நவம்பரில் ராணுவ பைக் ஓட்டிகளுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. பொதுமக்களுக்கு? 1973இல்தான். 32 வருஷம்! கெய்ர்ன்ஸ் 1952இலேயே இறந்துவிட்டார்.

9/ இடையில் இன்னொரு பெரிய மாற்றம். 1953இல் அமெரிக்காவில் லம்பார்ட் என்பவருக்குக் கிடைத்த காப்புரிமை. வெளி ஓடு அடியைப் பரப்பும். உள்ளே இருக்கும் அடுக்கு நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். இன்று உங்கள் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் செய்வது அதே வேலைதான். அது நசுங்கினால்தான் உங்கள் மூளை நசுங்காது. ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது.

10/ தலைக்குக் கீழே? 1950 வாக்கில் ஜெஃப் ட்யூக் போட்ட ஒரே துண்டு லெதர் சூட், காற்றைக் கிழித்து வேகமாகப் போகத் தைத்தது! ஆனால் விழுந்து ரோட்டில் தேய்ந்து போகும்போது தோலுக்குப் பதில் தேய்வது லெதர். பிறகு முதுகுக் கவசம் வந்தது. 2018 முதல் மோட்டோஜிபியில் சூட்டுக்குள் ஏர்பேக்கே கட்டாயம்.

11/ வாங்கும்போது பாருங்கள்:
• ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை
• கன்னத்தை இறுக்கிப் பிடிக்கணும். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது
• பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள்
• ரேஸ் பழகப் போகிறீர்களா? லெதர் சூட், முதுகுக் கவசம், மணிக்கட்டை மூடும் க்ளவுஸ், கணுக்காலை மூடும் பூட்ஸ். இவை இல்லாமல் தடத்தில் இறங்காதீர்கள்

12/ கடைசியாக, அந்த வாரைப் போட்டு 'டக்'னு சத்தம் கேட்ட பிறகு வண்டியை எடுங்கள். வார் போடாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே கழன்று ஓடிவிடும். அடுத்து தரையில் படுவது வெறும் தலை. பின்னால் உட்காருபவருக்கும் இதேதான்.