ஏட்டிலிருந்து எண்ணிமத்துக்கு: சிறு நிறுவனங்களின் ஆவணக் காப்பு

மட்டக்களப்பு நாட்டிலே பழைய ஏடொன்று பல தலைமுறை கடந்தும் நிலைபெற்றதெனின், அஃது ஓலையின் வலிமையாலன்று. காலத்துக்குக் காலம் அதனைப் பெயர்த்தெழுதியோர் இருந்தமையாலேயாம். உவர்க்காற்றும் வாவியின் ஈரமும் கறையானும் ஓலையை நெடுநாள் விட்டுவைப்பதில்லை. ஆதலின், ஏட்டைக் காத்தல் என்பதற்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுதல் என்று நம் முன்னோர் பொருள் கொண்டிலர். பிரதி செய்தல் என்றே கொண்டனர். எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தபோது அவருக்குத் துணைநின்றவை இவ்வாறு பேணப்பட்ட ஏட்டுப் பிரதிகளே. அண்ணாவிமார் கூத்துக் கொப்பிகளை எழுதி எழுதிக் கைமாற்றியதும் இவ்வகையினதே. பெயர்த்தெழுதுகையிற் பிழைகள் புகுந்தன என்பது உண்மை. ஆயினும், அழிந்துபோன மூலத்தினும் பிழையுள்ள பிரதி மேலானதன்றோ?

கடதாசியும் அலுவலகமும் வந்தபின் இவ்வழக்கம் மாறிற்று. ஒரே இடாப்பு, ஒரே அலுமாரி, ஒரே திறவுகோல் என்ற நிலை ஏற்பட்டது. அரசாங்கத்தின் பத்திரங்களைக் காக்க 1902 ஆம் ஆண்டில் ஆர். ஜி. அந்தோனிஸ் ஆவணக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு வழிவகுத்தது. ஆனால் கோயிற் பரிபாலன சபை, சிறு பாடசாலை, கடற்றொழிலாளர் சங்கம் ஆகியவற்றின் பத்திரங்களுக்கு இன்றும் காவல் அந்த இரும்பு அலுமாரியே.

அக்காவல் எத்தகையது என்பதைப் பாசிக்குடாப் பக்கத்தார் அறிவர். ஆழங் குறைந்து அலை தணிந்து குளம்போற் கிடக்கும் குடா அது. 1978 நவெம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளி இக்கரையோரத்துக் கூரைகளைப் பறித்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடலே ஊருட் புகுந்தது. அக்காலத்தில் யான் இளைஞன். கரையோரப் பாடசாலையொன்றின் இடாப்புக்களை வெயிலிற் பரப்பி உலர்த்தும் பணியிற் கூடி நின்றேன். மைப்பேனாவால் எழுதியவை கரைந்து நீலக் கறையாயின. பின்னாளிற் குமிழ்முனைப் பேனாவால் எழுதியவை ஓரளவு எஞ்சின. முதியவர் ஒருவர் வயதுச் சான்று வேண்டி வந்தார். வீட்டோடு அவருடைய பிறப்புச் சான்றிதழும் போயிற்று. தாம் சிறுவயதிற் சேர்ந்த இடாப்பு ஒன்றே அவருக்கு நம்பிக்கை. அந்தப் பக்கம் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக் கிடந்தது. பிரித்தபோது கையோடு கிழிந்து வந்தது. "காரியமில்லை தம்பி" என்று சொல்லி அவர் போய்விட்டார். அப்பக்கத்துக்கு வேறிடத்தில் ஒரு படியிருந்தால் அவர் அவ்வாறு திரும்பியிரார்.

இவ்வாறே 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பிறிதோரிடத்திற் படி இருந்த நூலை மீண்டும் தேடிப் பெறலாம். தனிப் பிரதியாயிருந்த ஏட்டை எங்கே தேடுவது? இக்கேள்விக்கு விடை தேடியோர் பலர். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு அவர் மறைந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994 ஆம் ஆண்டிற் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. அங்கே அரிய நூல்கள் நுண்படச் சுருளிற் பிரதி செய்யப்பட்டன. 1998 ஆம் ஆண்டில் மதுரைத் திட்டம் தமிழிலக்கியங்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது. 2005 ஆம் ஆண்டில் ஈழத்து இளைஞர் சிலர் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், இந்நாட்டு நூல்களோடு சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் விழா மலர்களையும் சேர்த்து வருகின்றது. விழா மலரைச் சேர்த்தமையே அதன் பெருமை என்பது என் கருத்து. பெரிய நூல்களைக் காக்க எவரும் வருவர்.

இனி, சிறு நிறுவனமொன்று செய்யத்தக்கது யாது? வருடி எனப்படும் ஸ்கானரை முதலில் வாங்கித் திறப்பு விழா நடத்துவோரைக் கண்டிருக்கிறேன். மறு ஆண்டில் அதன்மேல் தூசி படிந்திருந்ததையும் கண்டிருக்கிறேன். முதற் பணி ஒழுங்கு செய்தலே. 1841 ஆம் ஆண்டிற் பிரான்சில் நத்தாலி டி வெய்யி என்பார் வகுத்த விதி இன்றும் செல்லும்: ஒரு நிறுவனத்தின் பத்திரங்களைப் பிறிதொன்றின் பத்திரங்களோடு கலத்தலாகாது. நம்மூர் அலுமாரிகளிற் கோயிற் கணக்கும் பாடசாலைக் கடிதமும் ஒன்றாய்க் கிடத்தலின் இவ்விதி நமக்கு மிகவும் வேண்டற்பாலது. அதன்பின் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கமிட்டு, அது யாது, யாருடையது, எவ்வாண்டுக்குரியது என ஒரு கொப்பியில் எழுதுதல் வேண்டும். இக்குறிப்பின்றி எடுத்த பதினாயிரம் படங்களும் குப்பைக் குவியலே.

படமெடுத்தல் எளிது. அங்குலத்துக்கு 300 புள்ளி எழுத்துக்குப் போதும். புகைப்படங்களுக்கு 600 நன்று. மூலப்படியைச் சுருக்காமல் டிப் வடிவில் வைத்து, வழங்குதற்குப் பி.டி.எப். படி செய்துகொள்ளலாம். வருடி இல்லையெனின், நல்ல வெளிச்சத்தில் ஆடாது நிறுத்திய கைத்தொலைபேசியும் உதவும்.

மூன்று படிகள் இருத்தல் வேண்டும். ஒன்று நிறுவனத்தில்; மற்றொன்று கடல் எட்டாத படுவான்கரை ஊரொன்றில்; பிறிதொன்று கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவரிடம். வன்தட்டுப் பழுதாகும் பொருளாதலின் ஆண்டுதோறும் திறந்து பார்த்து, சில ஆண்டுகளுக்கொருமுறை புதியதற்கு மாற்றல் வேண்டும். அண்ணாவியார் கொப்பியைப் புதுக்கியது போன்றதே இதுவும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாய்ச் சொல்வேன். சேர்விடாப்பிற் பெற்றோர் பெயரும் தொழிலும் சாதியும் வறுமையும் எழுதப்பட்டிருத்தல் கூடும். அவற்றைப் படியெடுத்துக் காக்கலாம், ஊரறிய வெளியிடலாகாது. உரியவர் கேட்டால் உரிய பக்கத்தைக் கொடுத்தால் அமையும்.

எங்கே தொடங்குவது என வினவுவோர்க்கு, அதிபரின் மேசையிலுள்ள சம்பவத் திரட்டைக் காட்டுவேன். மழை வெள்ளத்தாற் பள்ளி மூடிய நாளும், புதிய ஆசிரியர் கடமையேற்ற நாளும், கிணறு வெட்டிய நாளும் அதிலேதான் உள. பெரும்பாலும் இருநூறு பக்கமே இருக்கும். இரண்டு மாணவர் ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம்.